பள்ளிப் பிள்ளைகளை வைத்து ஊர் வரலாற்றை ஒலிப்பதிவாக்க எங்கிருந்து தொடங்குவது?

குன்னூரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து, ஊரை நடந்துகொண்டே கேட்கும்படி வரலாற்றுப் பதிவுகள் செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் இதே ஊரில் ஆசிரியர்தான், என் வகுப்போடு செய்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், சல்லிவனிடமிருந்து தொடங்காதீர்கள். 1819-இல் கோவை கலெக்டராக இருந்த அவர் மலையேறி வந்த கதை எங்கும் கிடைக்கிறது. அதைப் பிள்ளைகள் பேச்சுப்போட்டிக் குரலில் ஒப்பித்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கேள்வி பிள்ளைகளுடையதாகவும் பதில் ஊர்க்காரர்களுடையதாகவும் இருக்கட்டும்.

ரயில் நிலையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1899-இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது, 1908-இல் ஊட்டி வரை போனது, 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதற்குப் பத்து நொடி போதும். பணி ஓய்வு பெற்ற பிரேக்ஸ்மேன் யாராவது கிடைக்கிறாரா பாருங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை, இன்ஜின் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும். பெட்டியின் முகப்பில் கொடியோடு இருக்கும் பிரேக்ஸ்மேன்தான் முன்னால் பாதையைப் பார்க்க வேண்டும். "மழை பேஞ்சா அங்க எப்படி உக்காருவீங்க தாத்தா?" என்று என் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். எங்கள் பதிவுகளிலேயே அந்தப் பதில்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

சிம்ஸ் பூங்கா தொடங்கியது 1874, தடுப்பூசி செய்யும் பாஸ்டர் நிலையம் 1907. இவை ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம் கொடுத்தால் போதும்.

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் தேயிலைத் தோட்டத்து வீடுகள். இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா திரும்ப ஏற்றுக்கொள்ள 1964-இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரம், மண்டபம் முகாம் வழியாக வந்த குடும்பங்கள் நீலகிரியில் ஏராளம். அவர்களுக்கு வேலை கொடுக்கவே அரசு 1968-இல் தொடங்கிய தோட்டங்கள்தான் பிறகு டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆயின. உங்கள் வகுப்பிலும் அந்த வீட்டுப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். "எந்த வருஷம் வந்தீங்க பாட்டி?" என்று கேட்டால், "அதெல்லாம் யாருக்கு ஞாபகம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "கப்பல்ல என்னென்ன கொண்டு வந்தீங்க?" என்று கேட்கச் சொல்லுங்கள், நிறுத்தவே மாட்டார்கள். வருஷம் வேண்டுமென்றால் டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். சிலருக்கு அந்தப் பயணத்தில் பிரிவும் உண்டு, சாவும் உண்டு. அதனால் வெட்டி ஒட்டிய பதிவை முதலில் அந்த வீட்டில் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் வேண்டாம் என்ற பகுதியை எடுத்துவிடுங்கள், ஏன் என்று கேட்க வேண்டாம்.

படகர் வீட்டுப் பெரியவர்கள் படக மொழியிலேயே பேசட்டும். அந்த வீட்டுப் பிள்ளையே பின்னால் தமிழில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

கருவி விஷயத்தில் பெரிய செலவில்லை. போன், சட்டையில் மாட்டும் சின்ன மைக், காற்று இரையாமலிருக்க அதன்மேல் ஒரு பஞ்சு உறை. ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடத்தைத் தாண்டாதீர்கள். பதிவை மோனோவில், அதாவது ஒரே ஒலித்தடமாக, விநாடிக்கு 64 கிலோபிட் (கேபிபிஎஸ்) அளவில் சேமித்தால் நிமிடத்துக்கு அரை எம்பிதான் வரும். தோட்டத்து வளைவுகளில் சிக்னல் போய்விடும் என்பதால், கேட்பவர்கள் எல்லாவற்றையும் கிளம்பும் இடத்திலேயே டவுன்லோடு செய்யும்படி வையுங்கள். அப்புறம், நடையை மேல் குன்னூரிலிருந்து கீழே இறங்குகிற மாதிரி போடுங்கள். ஏற்றத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு யாரும் கதை கேட்க மாட்டார்கள். போனில் ஸ்கேன் செய்து பதிவைக் கேட்பதற்கான க்யூஆர் அட்டைகளை வெளிச்சுவரில் ஒட்டினால் ஐப்பசி மழைக்குத் தாங்காது. டீக்கடை, மளிகைக்கடைக் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒட்டக் கேளுங்கள், பிள்ளைகளே போய்க் கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.