தளம் வந்தது, கடிதம் நின்றது

கேள்வி: கரூரிலிருந்து படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்கிறோம். இணையதளத்தைப் புதிய நிறுவனத்திடம் மாற்றினோம். தளம் பளிச்சென்று வந்தது, மின்னஞ்சல் நின்றுபோனது. இரண்டு நாள் கழித்து வேறொருவர் ஏதோ ஒரு வரி சேர்த்தார், தேங்கிய கடிதங்கள் வந்து குவிந்தன. அதுவரை அவை எங்கே இருந்தன? இப்போது நாங்கள் அனுப்பும் விலைப்பட்டியல்கள் ஸ்பேமில் விழுகின்றனவாம். ஏன்?
- கரூர் வாசகர்

பதில்: உங்கள் டொமைனின், அதாவது இணையப் பெயரின், தளமும் கடிதமும் எங்கே இருக்கின்றன என்பதை டிஎன்எஸ் என்ற இணைய முகவரிப் புத்தகத்தின் பதிவுகள் சொல்கின்றன. தளம் மட்டும் இடம் மாற, தள சர்வரின் எண் முகவரியைச் சொல்லும் ஏ பதிவில் உள்ள ஐபி எண்ணைத் திருத்தினாலே போதும். ஐபிவி6 என்ற புதிய வகை எண்ணும் இருந்தால் அதற்கான ஏஏஏஏ பதிவையும் திருத்த வேண்டும். உங்கள் ஆட்கள் என்எஸ் பதிவிலேயே கை வைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. டொமைனைப் பற்றிய விவரங்களை எந்த சர்வரிடம் கேட்பது என்று சொல்வது அதுதான். அது மாறினால் பழைய இடத்துப் பதிவுகள் அத்தனையும் செல்லாக்காசு. புதிய இடத்தில் எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். பல்பு மாற்ற வந்தவர் வீட்டையே காலி செய்த கதை! தளத்துக்கான ஏ பதிவை எழுதியவர்கள், கடிதத்துக்கான எம்எக்ஸ் பதிவை விட்டுவிட்டார்கள். பின்னால் சேர்த்த வரி அதுவாகத்தான் இருக்கும்.

எம்எக்ஸ் இல்லாவிட்டால், ஏ பதிவில் உள்ள முகவரியிலேயே கடிதத்தைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. உங்கள் புதிய தளத்தின் சர்வரில் அஞ்சல் வாங்க ஆளில்லை. கதவு திறக்காததால், அனுப்பிய சர்வர் கடிதத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயன்றிருக்கிறது. குறைந்தது நான்கைந்து நாளாவது முயல வேண்டும் என்கிறது மின்னஞ்சல் பரிமாற்ற விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 5321 ஆவணம். இரண்டே நாளில் சரிசெய்ததால் தப்பித்தீர்கள்.

ஸ்பேம் விவகாரம் எழுத்துக் குறிப்புகளுக்கான டிஎக்ஸ்டி பதிவில் இருக்கிறது. உங்கள் டொமைன் பெயரில் யார் கடிதம் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் வரியும், கையொப்பத்தைச் சரிபார்க்கும் டிகேஐஎம் சாவியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். இவையும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டிருக்கலாம். பழைய கணக்கை மூடுவதற்குள் நகலெடுத்துவிடுங்கள். எஸ்பிஎஃப் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் இரண்டுமே பயனற்றுப்போகும். திருத்தியவுடன் பலன் தெரியாது. ஒரு பதிலை எத்தனை விநாடி நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல் 86400 என்றிருந்தால், பழைய பதிலை ஒரு நாள் வரை பிற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும்.

இன்னொன்று. www போன்ற முன்னொட்டு இல்லாத வெறும் டொமைன் பெயருக்கு, ஒரு பெயரை இன்னொரு பெயருக்குக் கைகாட்டிவிடும் சிநேம் பதிவு போடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். சிநேம் இருக்கும் பெயரில் எம்எக்ஸ் இருக்கக் கூடாது. மறுபடியும் கடிதம் நின்றுபோகும்.