எம் மோடில் வைத்தும் வெளிச்சம் மாறுவது ஏன்?

அன்புள்ள ஐயா,

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து எழுதுகிறேன். தைப்பூசத்தன்று கோர் தெ கார்த் மலைக்கோயிலில் என் தம்பி காவடி எடுத்தான். ஆடிக்கொண்டே வருவார்கள் என்பதால் எம் மோடில், அதாவது எல்லாவற்றையும் நாமே வைக்கும் மேனுவல் முறையில், ஷட்டர் (ஒளி விழும் நேரம்) 1/500 நொடி, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 2.8 என்று வைத்து, ஐஎஸ்ஓவை (ஒளிக்கு எவ்வளவு கூர்மையாக ஈடுகொடுப்பது என்ற அளவை) மட்டும் ஆட்டோவில் விட்டேன். உச்ச வரம்பு 1600. அதற்கு மேல் போனால் புள்ளி புள்ளியாக வரும் என்று கேமராக் கடையில் சொன்னார்கள். வெயிலில் எடுத்ததெல்லாம் வெளுத்துவிட்டது. கோயிலுக்குள் எடுத்தவை ஒரே இருட்டு. மர நிழலில் எடுத்தவை தேவலாம், ஆனால் ஒரு படம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் இருக்கிறது. எல்லாவற்றையும் நானேதானே வைத்தேன், அப்புறம் ஏன் இப்படி?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

எல்லாவற்றையும் நீங்கள் வைக்கவில்லை, மூன்றில் இரண்டைத்தான் வைத்தீர்கள். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருக்கும்வரை எம் மோடும் பாதி ஆட்டோதான். படம் எவ்வளவு வெளிச்சமாக வரவேண்டும் என்பதை ஒளியை அளக்கும் கேமராவின் மீட்டர் முடிவு செய்கிறது. அதற்கு அதன் கையில் மிச்சம் இருப்பது ஐஎஸ்ஓ ஒன்றுதான். அதற்கும் கீழே 100, மேலே 1600 என்று எல்லை.

வெயில் படத்தின் கணக்கைப் பாருங்கள். ஃபிலிம் காலத்து விதி ஒன்று உண்டு: நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 16, ஷட்டர் 1/100. எஃப் எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்; எஃப் 2.8 வரை திறந்தால் ஐந்து ஸ்டாப் ஒளி கூடுதலாக உள்ளே வரும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). அதற்கு ஈடாக ஷட்டர் 1/3200 வேண்டும். நீங்கள் வைத்தது 1/500. தேவையைப்போல ஆறு மடங்குக்கும் மேல் ஒளி! ஐஎஸ்ஓ 100 வரை இறங்கிப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டது. வியூஃபைண்டரில் ஒளி கூடியதா குறைந்ததா என்று காட்டும் எக்ஸ்போஷர் அளவுகோல் ப்ளஸ் பக்கம் போயிருக்கும், கூட்டத்தில் யார் அதைப் பார்க்கிறார்கள்? எஃப் 8 வைத்திருந்தால் அதே 1/500-க்கு ஐஎஸ்ஓ 125 பக்கம் வந்து படம் சரியாக இருந்திருக்கும்.

கோயிலுக்குள் நடந்தது இதன் மறுபக்கம். 1600-ஐத் தொட்டதும் ஏற வழியில்லை, படம் இருண்டது. அபர்ச்சரை நாம் வைக்க, ஷட்டரைக் கேமரா வைக்கும் அபர்ச்சர் முன்னுரிமை மோடில் இருந்திருந்தால் கேமரா ஷட்டரைக் குறைத்திருக்கும். வெளிச்சம் கிடைத்து உருவம் கலங்கியிருக்கும். தீபாராதனையின்போது யாரும் ஆடுவதில்லை, 1/125 தாராளமாகப் போதும். அதிலேயே இரண்டு ஸ்டாப் லாபம்.

மர நிழல் படங்கள்தான் எனக்குச் சுவாரசியம். மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக ஆக்கப் பார்க்கும். சட்டகம் நிறைய வெள்ளை வேட்டிகள் வந்தால் ஐஎஸ்ஓவை இறக்கும், வேட்டி அழுக்காகத் தெரியும். பின்னால் கரும்பச்சை இலைகள் வந்தால் ஏற்றும், அப்போது காவடிக்காரர்களின் அடர் ரோஜா நிறத் துணி கெட்டுப்போகும். கேமரா சிவப்பைப் பதியும் சிவப்புச் சானல் முதலில் நிரம்பிவிடுவதால் மடிப்பு, சுருக்கம் எதுவும் இல்லாமல் ரோஜா நிறத்தில் ஒரு திட்டு மட்டும் நிற்கும். உங்கள் பளிச் படங்களைப் பெரிதாக்கித் துணியைப் பாருங்கள், தெரியும்.

இதற்கு எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் இருக்கிறது, மீட்டர் முடிவு செய்த வெளிச்சத்தைக் கூட்டவும் குறைக்கவும் உதவும் அமைப்பு. இலைப் பின்னணிக்கு மைனஸ் பக்கம், வெள்ளை வேட்டிக்கு ப்ளஸ் பக்கம் திருப்புங்கள். சில கேமராக்களில் எம் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ இருக்கும்போது இது வேலை செய்யாது. முதலில் வீட்டில் சோதித்துவிடுங்கள். ஒரே நிழலில் நின்று அரை மணி நேரம் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஆட்டோவே வேண்டாம். ஒரு ஐஎஸ்ஓவை நிறுத்திவிட்டு ஊர்வலத்தைப் பாருங்கள். வெயிலும் நிழலும் மாறி மாறி வரும் பாதையில் கூடவே நடப்பவர்களுக்குத்தான் ஆட்டோ ஐஎஸ்ஓ பெரிய உதவி.

கடைக்காரர் சொன்ன 1600 பழைய கேமராக்களின் காலத்துப் பேச்சு. ஒளி போதாததால்தான் புள்ளிகள் வருகின்றன. இருண்ட படத்தைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கினால் அதே புள்ளிகள் அங்கேயும் வரும், பல கேமராக்களில் இன்னும் மோசமாக. நான் வரம்பை 6400-ல் வைப்பேன். புள்ளி விழுந்த முகத்தை அச்சடித்துக் கொடுத்தால் உங்கள் தம்பி கண்டுகொள்ளவே மாட்டார். முகம் கலங்கியிருந்தால் கேட்பார்.