பழைய பேப்பருக்கா போட்டீர்கள்?

அன்புள்ள ஐயா,

கொள்ளுத்தாத்தாவின் மஞ்சள் வியாபார மண்டிக் கவர்கள் ஒரு கட்டு கிடைத்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து ஐந்தாம் ஜார்ஜ் தபால் தலைகளைப் பிரித்தேன். சாக்லேட் நிற ஒரு அணாத் தலைகள் சிலவற்றின் வாட்டர்மார்க்கில், அதாவது தாளுக்குள் மறைந்திருக்கும் குறியில், ஒரே நட்சத்திரம், சிலவற்றில் பல நட்சத்திரங்கள். எதற்கு மதிப்பு அதிகம்? தலையின் ஓரத்துத் துளைகளை எண்ணும் அளவுகோல், அல்ட்ரா வயலட் விளக்கு வாங்க வேண்டுமா? கவர்களைப் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டேன். இன்னொரு கட்டு மிச்சமிருக்கிறது.

வாசகர், பெருந்துறை

அன்புள்ள தம்பி,

ஒற்றை நட்சத்திரம் லண்டனில் டி லா ரூ கம்பெனி அச்சடித்தது. பல நட்சத்திரம் 1926 முதல் நாசிக்கில் அடித்தது. இரண்டுமே முத்திரை விழுந்த நிலையில் கொள்ளை கொள்ளையாகக் கிடைக்கும், டீச் செலவுக்கும் காணாது. விளக்கு வேண்டாம். அந்தச் சாதாரண வரிசைக்கு 2 சென்டிமீட்டருக்கு 14 துளைதான், அளவுகோலுக்கும் வேலையில்லை. லென்ஸுக்கு வேலை கொடுக்க ஆசையென்றால் 1932இன் ஒன்பது பை (முக்கால் அணா) பச்சைத் தலையைத் தேடுங்கள். தட்டையான தகட்டிலிருந்து அடிக்கும் லித்தோவிலும் அடித்தார்கள், மேடான அச்சை அழுத்தி அடிக்கும் எழுத்தச்சு முறையிலும் அடித்தார்கள். எழுத்தச்சில் மை கோட்டின் ஓரத்துக்குப் பிதுங்கி நிற்கும், முதுகில் லேசாகப் புடைத்திருக்கும். லித்தோ மொழுக்கென்று இருக்கும்.

சரி, கேட்டதற்குச் சொல்லியாயிற்று. பழைய பேப்பருக்கா போட்டீர்கள்?

போன வாரம்தான் என் அப்பாருவின் கவர்க்கட்டைப் பிரித்து மேசைமேல் பரப்பினேன். உங்கள் கடிதம் வந்தபோதும் அவை அங்கேயேதான் கிடந்தன. காங்கேயம் பக்கத்துத் தோட்டத்து வீட்டில், கம்பியில் குத்தி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தவை. எல்லாவற்றிலும் நடுவில் ஒரு ஓட்டை, ஓட்டையைச் சுற்றித் துரு.

அதில் ஒரு கவர். ஈரோட்டு மண்டியிலிருந்து வந்தது. சாக்லேட் நிற ஒரு அணா, பக்கத்தில் கோணலாகச் சாம்பல் நிறக் காலணா, இரண்டின் மேலும் சேர்ந்து விழுந்த ஒரே முத்திரை. 1922இலிருந்து கடிதத்துக்கு ஒரு அணாதான். 1931 கடைசியில் ஒன்றேகால் அணா ஆக்கினார்கள். விளைச்சலுக்கு விலையே இல்லாமல் குடியானவர்கள் தவித்த வருஷங்கள் அவை, அப்போது பார்த்துக் கட்டணத்தை ஏற்றினார்கள். மண்டிக்காரர் கையிருப்பில் இருந்த ஒரு அணாவோடு காலணாவை ஒட்டி அனுப்பியிருக்கிறார். உள்ளே இருந்த செய்தி இரண்டே வரி: சரக்கு நகரவில்லை, வண்டி கட்ட வேண்டாம். பின்பக்கம் மறுநாள் தேதியில் காங்கேயத்து முத்திரை. அதன் கீழே அப்பாரு மைப் பென்சிலில் மூட்டைக் கணக்குப் போட்டு, கூட்டி, அடித்து, மறுபடி கூட்டியிருக்கிறார்.

இதைத் தண்ணீரில் போட்டால் என்ன மிஞ்சும் கண்ணு? ஒரு சாக்லேட் தலை, ஒரு சாம்பல் தலை. ஆல்பத்தில் ஒன்று ஒரு பக்கம் போகும், இன்னொன்று வேறு பக்கம் போகும். இரண்டும் சேர்ந்து ஒன்றேகால் அணா என்பது யாருக்குத் தெரியப்போகிறது? மைப் பென்சில் எழுத்து ஈரம் பட்ட உடனே ஊதாவாக ஊறிவிடும், கணக்கும் போச்சு.

வாட்டர்மார்க் பார்க்கப் பிரித்துத்தானே ஆக வேண்டும் என்பீர்கள். முத்திரையில் தேதி இருந்திருக்குமே! 1925 என்றிருந்தால் ஒற்றை நட்சத்திரம்தான், நாசிக் தலை அப்போது வெளிவரவே இல்லை. 1926க்குப் பிறகு என்றால் பழைய இருப்பும் ஓடிக்கொண்டிருக்கும், ஐயம் வரலாம். வரட்டுமே. டீச் செலவுக்குக் காணாத ஒரு ஐயத்துக்காகக் கொள்ளுத்தாத்தாவின் விலாசத்தைக் கிழித்து எடைக்குப் போடுவார்களா?

உங்களை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. பள்ளிக்கூடத்தில் தபால் தலை சேர்க்கச் சொன்ன வாத்தியார்கள் எல்லோருமே ஊறவைக்கத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இத்தனை நுணுக்கமாக நட்சத்திரம் எண்ணிய கண் உங்களுடையது, அதனால்தான் வயிறு எரிகிறது.

மிச்சமுள்ள கட்டில் தண்ணீர் படக் கூடாது. துருக்கம்பி இருந்தால் மெதுவாக உருவிவிடுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள், வெயில் காலத்தில் உருகி ஒட்டிக்கொள்ளும். தேதிவாரியாக அடுக்கி ஸ்கேன் செய்து எனக்கு அனுப்புங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து. ஈரோட்டு மண்டி முத்திரை இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள்.

அன்புடன்