எடையோடு போராடிய கார்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், பிரிட்டனின் மெக்லாரன் நிறுவனம் 1992-இல் அறிமுகப்படுத்திய எஃப்1 என்ற அதிவேகச் சாலைக் காரைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: இந்தக் காரில் ஓட்டுநர் நடுவில் அமர்கிறாரே, அது கவர்ச்சிக்காகச் செய்ததா, பொறியியல் காரணம் ஏதும் உண்டா?

பதில்: காரணம் பொறியியல்தான். இதை வடிவமைத்த கோர்டன் மர்ரே, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பிறந்தவர். மாணவராக இருந்தபோதே நடுவில் ஓட்டுநர் அமரும் மூவர் காரை வரைந்து பார்த்தவர். அதிவேக கார்களின் முன் டயர்கள் அகலமானவை என்பதால், அவற்றை மூடும் வளைவு கால் வைக்கும் இடத்துக்குள் துருத்திக்கொண்டு வருகிறது. ஒரு பக்கமாக அமரும் ஓட்டுநருக்குப் பெடல்கள் நேர் எதிரே அமையாமல் விலகிப்போகின்றன. ஓட்டுநரை நடுவுக்குக் கொண்டுவந்தால் அந்தக் குறை நீங்குகிறது, இரு பக்கப் பார்வையும் சமமாகிறது, ஓட்டுநர் மட்டும் காரில் இருக்கும்போதும் எடை ஒரு பக்கம் சாய்வதில்லை. பயணிகள் இருவரும் அவருக்குச் சற்றுப் பின்னால், இரு புறமும் அமர்வதால் மூவரின் தோள்களும் ஒரே வரிசையில் இடிபடாமல், 1.82 மீட்டர் அகலத்துக்குள் கார் அடங்கிவிட்டது. பக்கவாட்டு இருக்கையைத் தாண்டி நடுவுக்கு நகர்ந்து அமர்வது மட்டும் சிரமமான வேலை. அதை ஓரளவு எளிதாக்குவதற்காகவே கதவு மேல்நோக்கித் திறக்கும்போது கூரையின் ஒரு பகுதியையும் சேர்த்துத் தூக்கிச் செல்கிறது. இந்தக் கதவுக்கான யோசனை டொயோட்டாவின் செரா என்ற சிறிய காரிலிருந்து கிடைத்தது என்பதை மர்ரே மறைக்கவில்லை.

கேள்வி: 627 குதிரைத்திறன் இன்று பெரிய விஷயமே அல்ல, மின்சார கார்கள் எளிதாகத் தாண்டிவிட்டன. பிறகு ஏன் இந்தக் காரை இன்னும் கொண்டாடுகிறீர்கள்?

பதில்: குதிரைத்திறனை மட்டும் பார்த்தால் உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் இந்தக் காரின் எடை சுமார் 1138 கிலோ மட்டுமே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்றைய சக்திமிக்க மின்சார கார்கள் பெரும்பாலும் இரண்டு டன்னை ஒட்டியே இருக்கின்றன. நேர்ச்சாலையில் வேகமெடுக்கும்போது எடையின் பாதகத்தைக் கூடுதல் சக்தியால் ஈடுகட்டலாம். பிரேக் போடும்போதும் வளைவில் திரும்பும்போதும் அந்தச் சக்தி உதவிக்கு வராது, டயர்களே முழுச் சுமையையும் தாங்கியாக வேண்டும்.

எடைக் குறைப்பின் அடிப்படை, கார்பன் ஃபைபர் என்னும் லேசான, உறுதியான கரி இழைப் பொருளால் ஆன உடற்கூடு. சாலையில் ஓடும் உற்பத்திக் கார் ஒன்றுக்கு முழுக் கூட்டையும் இந்தப் பொருளில் செய்தது இதுவே முதல் முறை. மெக்லாரன் நிறுவனம் 1981-இல் ஃபார்முலா 1 பந்தயக் காரில் இதைக் கொண்டுவந்தபோது, மோதினால் நொறுங்கிவிடும் என்று பலர் அஞ்சினார்கள். அதே ஆண்டு இத்தாலியின் மான்ஸா தடத்தில் நடந்த கடுமையான விபத்திலிருந்து மெக்லாரன் ஓட்டுநர் ஜான் வாட்சன் காயமின்றி இறங்கி நடந்து வந்த பிறகே அந்த அச்சம் விலகியது. பிசின் ஊறிய இழைத் துணியை அச்சின் மேல் அடுக்கடுக்காகக் கையால் பதித்து, விசை எந்தத் திசையில் வருமோ அதற்கேற்ப ஒவ்வொரு அடுக்கின் இழைகளையும் திருப்பி வைத்து, காற்றை உறிஞ்சி நீக்கி, அழுத்தமும் வெப்பமும் தரும் கலனுக்குள் வைத்து இறுகச் செய்கிறார்கள். பெருந்திரள் உற்பத்திக்கு இந்த வேலைமுறை ஒத்துவராது.

எஞ்சின் கதையும் இதே போராட்டம்தான். 550 குதிரைத்திறன், 600 மில்லிமீட்டர் நீளம், 250 கிலோ எடை என்று மர்ரே வரம்பு வைத்தார். பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் பால் ரோஷ, 6.1 லிட்டர் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சினை அதே நீளத்துக்குள் அடக்கி, 627 குதிரைத்திறனோடு கொடுத்தார். எடை மட்டும் 266 கிலோ ஆகிவிட்டது. அந்தப் 16 கிலோவை ஏற்றுக்கொண்டது சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ வேண்டாம் என்ற பிடிவாதமும் சரியே. அதனால்தான் ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணமே எஞ்சின் பதில் சொல்கிறது. கருவிப்பெட்டியில் டைட்டானியம் ஸ்பானர்கள் இருந்ததும், கென்வுட் நிறுவனம் இந்தக் காருக்கென்றே எடை குறைந்த சி.டி. பிளேயரைச் செய்து தந்ததும் இதே எண்ணத்தின் நீட்சி.

கேள்வி: எஞ்சின் அறைக்குள் இருப்பது உண்மையான தங்கமா?

பதில்: ஆம், தங்கத் தகடு. தங்கம் வெப்பக் கதிர்களை மிக நன்றாகத் திருப்பி அனுப்பும், கறுக்காது. புகைக்குழாயின் கடும் வெப்பம் அருகிலுள்ள கார்பன் ஃபைபரைத் தாக்காமல் அது காக்கிறது.

கேள்வி: காரைக் கீழே அழுத்தும் பெரிய விங் (இறக்கை) பின்னால் இல்லாத இந்தக் கார் அதிவேகத்தில் சாலையை விட்டு எழும்பாமல் இருப்பது எப்படி?

பதில்: அந்த வேலையைக் காரின் அடிப்பகுதி பார்த்துக்கொள்கிறது. கீழே ஓடும் காற்று பின்புறத்தில் மேல்நோக்கி விரியும் பாதை வழியே வெளியேறும்போது, காருக்கு அடியில் அழுத்தம் குறைந்து, கார் தரையை நோக்கி இழுக்கப்படுகிறது. அந்தப் பாதையின் மேற்பரப்பை ஒட்டி வரும் மந்தமான காற்றை இரண்டு சிறிய மின்விசிறிகள் உறிஞ்சி எடுப்பதால், செங்குத்தான வளைவிலும் காற்றோட்டம் பிரியாமல் ஒட்டியே செல்கிறது. 1978-இல் ஸ்வீடன் பந்தயத்தில் நிக்கி லவ்டா ஓட்டி வென்ற, பிராபம் அணியின் ஃபார்முலா 1 விசிறிக் காரும் மர்ரேயின் படைப்பே. பெரிய விங் வைத்திருந்தால் காற்றுத் தடை கூடி, 1998-இல் ஜெர்மனியின் ஏரா-லெசியன் தடத்தில் எட்டிய மணிக்கு 386 கிலோமீட்டர் வேகம் கைகூடியிருக்காது.

கேள்வி: பிரேக் போடும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கூட இல்லாத காரை இவ்வளவு விலைக்கு விற்றது சரியா?

பதில்: பவர் ஸ்டீயரிங் வேண்டாம் என்றதில் எனக்கு மாறுபாடு இல்லை, லேசான கார், சாலையின் தன்மை கைக்கு நேராகத் தெரிய வேண்டும். ஏ.பி.எஸ். விஷயத்தில் மர்ரேயோடு உடன்பட முடியவில்லை. பந்தய வீரருக்குத் தேவையில்லாததாக இருக்கலாம், ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் பந்தய வீரர்கள் அல்லர். மழையில் நனைந்த சாலையில் அந்தச் சில கிலோக்களைச் சுமந்திருக்கலாம்.

கேள்வி: மொத்தமே 106 கார்கள்தான் என்றால், இது வணிகத் தோல்விதானே?

பதில்: விற்பனைக் கணக்கில் அப்படிச் சொல்லலாம். 300 கார்கள் செய்யும் திட்டம் இருந்தது. 1992-இல் மொனாக்கோவில் அறிமுகமானபோது உலகப் பொருளாதாரம் மந்தத்தில் இருந்தது, விலையோ ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல். 1998 வரை செய்தவற்றில் சாதாரண சாலை வடிவம் 64, பந்தய வடிவம் 28. மீதி முன்மாதிரிகளும் சிறப்பு வடிவங்களும். பந்தயத்துக்காக வடிவமைக்கப்படாத இந்தக் கார், வாங்கியவர்கள் வற்புறுத்தியதால் பந்தயத்துக்குப் போய், 1995-இல் பிரான்ஸின் லெ மான் 24 மணி நேரப் போட்டியை முதல் முயற்சியிலேயே வென்றது. மூன்றாம், நான்காம், ஐந்தாம் இடங்களும் இதற்கே. விதிப்படி காற்று நுழைவாயிலைக் குறுக்கியதால், அந்தப் பந்தயக் கார்களின் எஞ்சின் சாலைக் காரைவிடக் குறைந்த சக்தியையே தந்தது.