வெறும் கரி மண்ணா?

ஐயா, வணக்கம். சொந்த ஊர் அழகன்குளம். இங்கிலாந்தின் பிளிமத்தில் வேலை. போன வாரம் பக்கத்து டார்ட்மூர் மேட்டில் கிரிம்ஸ்பவுண்டு பார்த்தேன். வெண்கலக் காலக் குடியிருப்பு. சுற்றுமதிலுக்குள் 24 வட்ட வீடுகளின் கல்வரிசை அப்படியே இருக்கிறது. நம் ராமநாதபுரம் கரையில் இப்படி உண்டா? எங்கள் வீட்டில் செப்டிக் டேங்குக்குத் தோண்டுகிறார்கள். வெறும் பானை ஓடும் கரி மண்ணும்தான் வருகிறதாம். நம் பழமை எல்லாம் வாய்ப்பேச்சுதானா?

அன்புள்ள தம்பி,

அந்தக் குளிரில் மேடேறியும் ஊர் நினைப்பாக இருந்திருக்கிறீர்கள். சந்தோஷம். யார் பழசு என்ற பந்தயம் எனக்கு வேண்டாம். நம் உள்நாட்டுக் கல்வட்டங்களையும் இதோடு சேர்க்காதீர்கள்; அவை இறந்தவர்களுக்கு வைத்தவை.

நீங்கள் பார்த்தது சுவரின் அடிப்பகுதி. அதிலும் சரிந்த கல்லை 1890களில் தோண்டியவர்கள் எடுத்து அடுக்கியதும் உண்டு. கூரை மரம் எப்போதோ மக்கிப்போனது. அதே டார்ட்மூரில், ஹோல்ன் மூரில், கல் வீட்டுக்கு முன்பே மர வீடு இருந்த தடம் கிடைத்தது. எதை வைத்து? கம்பு நட்ட குழியை வைத்து.

எங்கள் அப்பத்தா வீடு பனங்கம்பும் ஓலையும். அதைப் பிரித்துக் கம்புகளைப் பிடுங்கியபோது, மெழுகின தரையில் கம்பு நின்ற இடமெல்லாம் கறுப்பு வட்டம். கரையான் ஏறாமலிருக்க அடியைத் தீயில் வாட்டி நட்டிருந்தார்கள், அந்தக் கரி. மழையில் குழி தூர்ந்தது, கறுப்பு போகவில்லை. விளக்குமாற்றால் தேய்த்தாலும் போகவில்லை.

அகழாய்வில் தேடுவதும் இதைத்தான். மண்ணைச் சீவி லேசாகத் தண்ணீர் தெளித்தால் குழி இருந்த இடம் வேறு நிறமாகத் தெரியும். மணலும் பனையும் உள்ள கரையில் வேறு எதைத் தேடுவது?

அப்படியிருக்க 'வெறும் கரி மண்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அதுவும் அழகன்குளத்துப் பிள்ளைக்கு! வைகை கடல் சேரும் இடத்தருகே, 1986-87 முதல் தொல்லியல் துறை தோண்டி ரோமானியக் காசும், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்துள்ள ஓடும், கப்பல் படம் கீறிய ஓடும் எடுத்த ஊர் அது. எல்லாம் உங்கள் 'வெறும் ஓடு' வகைதான். கடல் தாண்டிப் போய்க் கல்லைத் தொட்டுப் பார்த்தவர், சொந்தக் கொல்லையில் வந்ததை ஒரு போட்டோகூடக் கேட்டு வாங்கவில்லை. எனக்குக் கோபம்தான்.

சரி, இன்றைக்கே வீட்டுக்குப் போன் போடுங்கள். குழியை மூடியிராவிட்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பக்கச்சுவரைப் படமெடுத்து விஏஓவிடம் காட்டட்டும். ஓடு எந்த ஆழத்தில் வந்தது என்று தோண்டியவரைக் கேட்டு எழுதி வைக்கட்டும். வெளியே கொட்டியதை மட்டும் பொறுக்கிச் சாக்கில் கட்டி வைத்தால் போதும்; உள்ளே இருப்பதை யாரும் தோண்டி எடுக்க வேண்டாம்.