சுவரோவிய முத்திரை சேர்க்க என்ன வழி?

கேள்வி: கிளிநொச்சியில் இருக்கிறேன். ஊர்ச் சுவர்களில் படம் கீறும் பெடியன்களில் நானும் ஒருவன். தெருச் சுவரோவியங்களோடு வரும் வெளிநாட்டுத் தபால் முத்திரைகளைச் சேர்க்க ஆசை. அக்கா பாரிஸில், மாமா மெல்பேர்னில். எங்கே தொடங்குவது? மாரியில் பழுதாகாமல் எப்படி வைத்திருப்பது?

பதில்: காசு கொடுத்து வாங்க அவசரப்படாதேங்கோ தம்பி. முதல் முத்திரை உங்கள் வீட்டு அலுமாரியிலேயே கிடக்கக்கூடும். 2018 ஆடிக்கும் 2023 கார்த்திகைக்கும் இடையில் அக்கா அனுப்பிய கடித உறைகளைத் தேடிப் பாருங்கள். தொப்பியணிந்த ஒரு பெண்முகம் இருந்தால் அது பிரெஞ்சுக் குடியரசின் அடையாளப் பெண்ணான மரியான், அந்நாட்டின் அப்போதைய அன்றாட முத்திரை. அதை வரைந்த இஸ்யுல்ட் டிகான் ஒரு தெரு ஓவியர். முத்திரை வெளியானபோது பெரிகே நகரில் ஒரு சுவரிலும் அதே முகத்தைப் பெரிதாகத் தீட்டினார். கோடிக்கணக்கில் அச்சானது என்பதால் பெரிய சேகரிப்பாளர்கள் இதைக் கண்டுகொள்வதில்லை. உங்கள் தலைப்புக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை என்பேன். வெளிநாட்டுக் கடிதங்களில் பெரும்பாலும் ஊதா நிறம்தான் வரும். பச்சையும் சிவப்பும் பிரான்சுக்குள் ஓடியவை. சிவப்பு முத்திரை 2023 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. தன் வீட்டுக்கு வந்த பழைய கடிதங்களிலிருந்து வெட்டி அனுப்பச் சொல்லி அக்காவிடம் கேளுங்கள்.

மாமாவிடம் 2018இல் அவுஸ்திரேலியத் தபால் வெளியிட்ட தானியக் களஞ்சியத் தொடரைக் கேளுங்கள். விக்டோரியாவின் பிரிம் என்ற சிற்றூரில் கைடோ வான் ஹெல்டன் உயரமான கோதுமைக் களஞ்சியங்களின் மேல் விவசாயிகளை வரைந்தது அதில் உண்டு. ஒன்று மட்டும் சொல்லிவையுங்கள்: கடிதத்தைச் சும்மா கவுண்டரில் கொடுத்தால் விலைச்சீட்டு ஒன்றை அச்சடித்து ஒட்டிவிடுவார்கள். பட முத்திரை வாங்கித் தானே ஒட்டி, தபால் சீலைக் கையால் மெதுவாகக் குத்தித் தரும்படி கேட்க வேண்டும்.

இந்தத் தலைப்பில் எல்லோரும் தேடுவது உக்ரேன் முத்திரை. குண்டுவீச்சில் சிதைந்த போரோடியங்கா நகரில், ஒரு வீட்டின் எஞ்சிய சுவரில் முகம் காட்டாத பிரித்தானியத் தெரு ஓவியர் பாங்ஸி வரைந்த படம்: ஜூடோ உடையில் ஒரு சின்னப் பையன் பெரிய ஆளைத் தூக்கி அடிக்கிறான். அப்படிப்பட்ட சுவர் எப்படி இருக்கும் என்று வன்னிக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. ரஷ்யப் படையெடுப்பின் முதலாண்டு நிறைவான 2023 பெப்ரவரி 24 அன்று வெளியிட்டார்கள். இதை வாங்கத்தான் வேண்டும். ஆனால் கவனம். பெயர்பெற்ற ஓவியரின் படங்களைப் போட்டு, ஏதோ ஒரு நாட்டின் பெயரையும் அடித்து, இணையத்தில் அழகழகான தாள்களை விற்பார்கள். பல நாடுகளின் பெயரில் அந்தந்தத் தபால் துறைக்கே தெரியாமல் இப்படி அச்சிட்டிருக்கிறார்கள். உலகத் தபால் ஒன்றியத்தின் முத்திரைப் பதிவில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

சரி, பாதுகாப்புக்கு வருவோம். பழைய பசை முத்திரை என்றால் இளஞ்சூட்டு நீரில் ஊறவிட, தானே கழன்று வரும். இப்போது வருபவற்றில் பல ஸ்டிக்கர் வகை, தண்ணீருக்கு அசையாது. உரித்தால் பின்பக்கம் கிழியும். சுற்றிவர ஒரு விரல் அகலத் தாள் விட்டு வெட்டி, அப்படியே வைத்திருங்கள். சீல் தெளிவாக விழுந்திருந்தால் வெட்டவே வேண்டாம், முழு உறையையும் வைத்திருங்கள். லமினேட் பண்ணுவது கூடவே கூடாது. செலோடேப்பும் அப்படித்தான்.

ஐப்பசி முதல் தை வரை வன்னியில் ஈரம்தான் எதிரி. பாவிக்காத முத்திரையின் பசை இளகி அடுத்த தாளோடு ஒட்டும். ஓரப் பல்லுகளில் துருப்போல மண்ணிறப் புள்ளிகள் வரும். அது பூஞ்சணம், பக்கத்து முத்திரைக்கும் தொற்றும். புள்ளி கண்டதை உடனே வேறாக்குங்கள். அல்பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி, சுவரில் முட்டாமல் வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகள் நாளடைவில் நிறத்தைக் கெடுக்கும். இறுக்கமாக மூடும் பெட்டியில், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வைத்தால் ஈரத்துக்குக் காவல். பொங்கலுக்கு வீடு துப்புரவாக்கும்போது அல்பத்தையும் விரித்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் மட்டும் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும்.