கேள்வி கேட்க வருகிறது, பதில்தான் புரியவில்லை

கேள்வி: எனக்கு 57 வயது. வரும் ஏப்ரலில் கணவருடன் தென் கொரியாவும் ஜப்பானும் போகிறேன். நாலு மாதமாகச் செயலியில் கொரிய மொழி படிக்கிறேன். 'பையன் ஆப்பிள் சாப்பிடுகிறான்' என்று சொல்ல வருகிறது. போன வருடம் வியட்நாமில், மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வியைப் பிசகாமல் கேட்டேன். எதிரில் இருந்தவர் மளமளவென்று ஏதோ சொன்னார். ஒன்றும் விளங்காமல் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். 'போன் இருக்கும்போது இந்தப் பாடு எதுக்கும்மா?' என்கிறான் மகன். கணவரோ ஒரு வார்த்தைகூடப் படிக்க மாட்டேன் என்று அடம். நான் தொடரட்டுமா, விட்டுவிடட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விடாதீர்கள். ஆனால் பாடத்தை மாற்றுங்கள். ஆப்பிள் சாப்பிடும் பையனை நீங்கள் சியோலில் சந்திக்கப் போவதில்லை.

வியட்நாமில் நடந்ததற்குக் காரணம், நீங்கள் நன்றாகப் பேசியதுதான். இவ்வளவு சரியாகக் கேட்கிறவருக்கு மொழி தெரியும் என்று நம்பி, அவர் தம் ஊர்க்காரரிடம் பேசுவதைப் போலவே பேசிவிட்டார். பயணிகளுக்கான வாக்கியப் புத்தகங்கள் பெரும்பாலானவற்றில் உள்ள ஓட்டையும் இதுவே. கேள்வியைச் சொல்லிக் கொடுக்கும். வரப்போகும் பதிலுக்குக் கைவிரித்துவிடும்.

ஆகவே பதில் சுருக்கமாக வரும்படி கேள்வியை அமைக்கப் பழகுங்கள். 'ரயில் நிலையத்துக்கு எப்படிப் போவது?' என்று கேட்டால் இடது, வலது, சிக்னல், மேம்பாலம் என்று ஒரு பிரசங்கமே வரும். வரைபடத்தைக் காட்டி, ஒரு திசையில் கை நீட்டி, 'இந்தப் பக்கமா?' என்று கேட்டுப் பாருங்கள். தலையசைப்பு வரும், அல்லது வேறு பக்கம் ஒரு கை நீளும். 'எந்தப் பேருந்து?' என்பதைவிட, பேருந்து வந்து நின்றதும் ஊர்ப் பெயரைச் சொல்லி 'போகுமா?' என்பது மேல். 'போகாதா?' என்று மட்டும் கேட்காதீர்கள். எதிர்மறைக் கேள்விக்கு நம்மைப் போலவே கொரியர்களும் ஜப்பானியர்களும் 'ஆமாம், போகாது' என்று சொல்வார்கள். அந்த 'ஆமாம்' மட்டும் காதில் விழுந்து நீங்கள் ஏறி உட்கார்ந்துவிடுவீர்கள்.

எப்படிக் கேட்டாலும் பதில் வாயால்தான் வரும் என்ற இடம் ஒன்று உண்டு: எண். நேரம், தொகை, நடைமேடை, அறை, தளம் எல்லாமே எண்தான். உங்களுக்கு மிச்சமிருக்கும் மாதங்களில் பாதியை இதற்கே கொடுக்கச் சொல்வேன். கொரிய மொழியில் எண்கள் இரண்டு வரிசை. மணியைச் சொந்த எண்களில் சொல்வார்கள். நிமிடத்தைச் சீன வழி வந்த எண்களில் சொல்வார்கள். மூன்று மணி முப்பது நிமிடம் என்றால் 'செ ஷி சம்ஷிப் புன்'. முதல் மூன்று 'செ', அடுத்த முப்பதில் இருக்கும் மூன்று 'சம்'. பணமும் தேதியும் இரண்டாவது வரிசையில் வரும். இதோடு இன்னொன்று: நாம் ஆயிரத்துக்குப் பிறகு லட்சத்துக்குப் போவதைப் போல, கொரியர்களும் ஜப்பானியர்களும் பத்தாயிரத்தை ஓர் அலகாக வைத்து எண்ணுகிறார்கள். 35,000 என்பதை 'மூன்று பத்தாயிரம், ஐந்து ஆயிரம்' என்றுதான் சொல்வார்கள். காகிதத்தில் பார்த்தால் சுலபம், காதில் விழும்போது திணறும். போனை எண்களை வாசிக்கச் சொல்லி, திரையைப் பார்க்காமல் எழுதிப் பாருங்கள். மெதுவாக்கும் பொத்தானைத் தொட வேண்டாம். கவுண்டரில் இருப்பவரிடம் அந்தப் பொத்தான் கிடையாது. உங்கள் செயலி இதை ஒரு பாடத்தோடு முடித்துவிட்டிருக்கும் என்பது என் ஊகம்.

அடுத்தது எழுத்து. கொரிய எழுத்தான ஹங்குலைச் செஜோங் மன்னர் 1443-ல் உருவாக்கி 1446-ல் வெளியிட்டார், சாதாரண மக்கள் எளிதாகக் கற்க வேண்டும் என்பதற்காகவே. அடிப்படை எழுத்துகள் 14 மெய், 10 உயிர், அவ்வளவுதான். மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டமாவது நமக்குப் புதிதல்ல. நம் 'க', 'ப' சொல்லின் முதலில் ஒரு மாதிரியும் இரு உயிருக்கு நடுவில் வேறு மாதிரியும் ஒலிக்கின்றன அல்லவா? அங்கேயும் அப்படித்தான். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இந்த இடத்தில் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். ஹங்குல் வாசிக்க வந்துவிட்டால், பொருள் தெரியாத பலகைகளிலும் ஹோட்டல், டாக்சி, பஸ் என்று ஆங்கிலச் சொற்கள் மெல்லத் தலைகாட்டும்.

ஜப்பானில் அந்தச் சுகம் பாதிதான். அங்கே மூன்று எழுத்து முறைகள் கலந்து வரும். ஒரு வாரப் பயணத்துக்குப் பிறமொழிச் சொற்களை எழுதும் கட்டகானா போதும். அடிப்படை எழுத்துகள் 46. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளிலோ பொதுப் பயன்பாட்டுப் பட்டியலே 2136. அந்தப் பக்கம் போகாதீர்கள். நுழைவு, வெளியேறும் வழி, ஆண், பெண் ஆகியவற்றைப் படமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இலக்கணம் பற்றிய பயம் உங்களுக்கு இருக்கக்கூடும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தன் ஊழியர்களுக்கு ஸ்பானிய மொழிக்கு ஏறத்தாழ 600 முதல் 750 வகுப்பு மணி என்றும், கொரிய, ஜப்பானிய மொழிகளுக்கு 2200 மணி என்றும் கணக்கு வைத்திருக்கிறது. அது ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கான கணக்கு. வினைச்சொல் கடைசியில் வருவதும், உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் அவர்களுக்குத் தலைகீழ், உங்களுக்கு இயல்பு. 'நான் நாளை பூசானுக்கு ரயிலில் போகிறேன்' என்பதை அதே சொல்வரிசையில் கொரிய மொழியில் வைக்கலாம். சொற்கள்தான் எல்லாமே புதிது. இன்று படித்த சொல்லை இரவே ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, பிறகு நாலைந்து நாள் கழித்து ஒருமுறை பார்த்தால் தங்கும். புதிதாகக் கற்றது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறந்துபோவதை ஜெர்மானிய உளவியலாளர் எப்பிங்காஸ் 1885-லேயே காட்டிவிட்டார். ஆக, இதற்கு வயதைக் குறை சொல்ல வேண்டாம்.

மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மொழிபெயர்ப்புச் செயலி நல்ல துணை. இரு மொழிகளையும் இணையம் இல்லாமல் இயங்கும்படி கிளம்பும் முன்பே இறக்கி வையுங்கள். தமிழில் பேசும்போது நாம் 'நான்', 'அவர்' என்பதை அடிக்கடி விழுங்கிவிடுவோம். செயலி யாரைச் சொல்கிறோம் என்று தானாக ஊகித்துத் தப்பாக்கிவிடும். எழுவாயோடு குட்டி வாக்கியமாகப் பேசுங்கள். வந்த மொழிபெயர்ப்பைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுத் திரையைக் காட்டுங்கள். தங்குமிடத்தின் பெயர், முகவரி இரண்டையும் உள்ளூர் எழுத்தில் காகிதத்தில் வைத்திருங்கள். போனில் சார்ஜ் இல்லாத நேரத்தில்தான் அது தேவைப்படும்.

உடம்பு விஷயத்தில் மட்டும் செயலியை நம்பி நிற்காதீர்கள். நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் வணிகப் பெயர் அங்கே பயன்படாது. உள்ளே இருக்கும் மருந்தின் பொதுப்பெயர் வேண்டும். அதுவும் சில சமயம் மாறும்: பாராசிட்டமால் என்பது இவ்விரு நாடுகளிலும் அசிட்டமினோஃபென். ஒவ்வாமை இருந்தால் அதையும் கொரிய, ஜப்பானிய எழுத்தில் மொழி தெரிந்த ஒருவரைக் கொண்டு எழுதி வாங்குங்கள். இரு நாடுகளிலும் ஆம்புலன்சுக்கு 119. கொரியாவில் 1330 என்ற சுற்றுலா உதவி எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம். பேச்சு நின்றுபோன இடத்தில் எதிராளியிடம் போனைக் கொடுத்து மொழிபெயர்க்கவும் சொல்லலாம்.

கணவரை வற்புறுத்தாதீர்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தடுமாறுவதைவிட ஒருவர் கேட்பதும் ஒருவர் பார்ப்பதும் நல்லது. வரைபடத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள். கொரியாவில் அதற்கு நேவர் மேப் என்ற கொரிய வரைபடச் செயலி வேண்டும். உள்ளூர்க்காரர்களும் அதைத்தான் அதிகம் நம்புகிறார்கள். சியோல், டோக்கியோ இரண்டிலும் மெட்ரோ நிலையங்களுக்கு எண் உண்டு. ஏறும் நிலையம், இறங்கும் நிலையம், வெளியேறும் வாயில் என மூன்று எண்களையும் அவர் குறித்து வைத்துக்கொள்ளட்டும். அதற்கு எந்த மொழியும் தெரிய வேண்டாம் என்பதால் மறுக்கவும் அவருக்கு வழியிருக்காது.